ஆட்டிசக் குழந்தையின் அம்மாவுக்கு: மனதையும் மணவாழ்வையும் காத்துக்கொள்ள முழுமையான வழிகாட்டி

தெரபி சென்டரில் சேர்த்ததும் குழந்தைக்கு ஒரு ஃபைல் போடுவார்கள். எத்தனை வார்த்தை பேசுகிறான், கண்ணைப் பார்க்கிறானா, பென்சிலை எப்படிப் பிடிக்கிறான் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். வெளியே பெஞ்சில் காத்திருக்கும் அம்மா நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாள், அவளும் கணவரும் பிள்ளையைத் தவிர வேறு எதையாவது கடைசியாக எப்போது பேசினார்கள் என்று அதில் ஒரு வரி இருக்காது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நானும் ஓர் ஆட்டிசப் பையனின் அம்மாதான். அந்த பெஞ்சில் உட்கார்ந்து வருடக்கணக்காகப் பல அம்மாக்களோடு பேசியிருக்கிறேன். அதில் ஒன்று எனக்கு உறுதியாகப் பட்டது. பிள்ளைக்குக் குறைபாடு இருப்பதாலேயே கணவனும் மனைவியும் விலகிப்போவதில்லை. பிள்ளையைப் பற்றிய எல்லாமே அம்மாவுக்கு மட்டும் தெரிந்த விஷயமாக ஆகிவிடும்போதுதான் விலகல் தொடங்குகிறது. அவளுக்கு எல்லாம் தெரியும், அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் செய்வதெல்லாம் தப்பாகப் படும், அவர் ஒதுங்குவார், அவள் இன்னும் தனியாகச் சுமப்பாள். கீழே சொல்லும் படிகளில் பெரும்பாலானவை இந்தச் சுற்றை உடைப்பதற்கானவை. ஆட்டிசத்தை வைத்து எழுதினாலும் ஏடிஹெச்டி (கவனக்குறைவும் அளவுமீறிய துறுதுறுப்பும்), அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் வீடுகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: உங்கள் நிலை என்ன என்று பாருங்கள்

களைப்பு வேறு, மனச்சோர்வு வேறு. அம்மா வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கி எழுந்தால் களைப்பு கொஞ்சம் தெளியும். மனச்சோர்வு தூங்கினாலும் போகாது, பல சமயம் தூங்கவும் விடாது. மருத்துவர்கள் பிஹெச்க்யூ-9 என்ற சிறிய படிவத்தைப் பயன்படுத்துவார்கள். அது தமிழிலும் கிடைக்கிறது. கடந்த 2 வாரங்களில் எதிலும் ஆர்வமில்லாமல் போனதா, மனம் சோர்ந்தே கிடந்ததா, தூக்கம், பசி, கவனம் எப்படி, நம்மைப் பற்றியே மோசமாகத் தோன்றியதா என்று 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். கூடவே தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் மனச்சோர்வு போலவே காட்டும், அவற்றைச் சரிசெய்வதும் எளிது.

அந்தப் படிவத்தின் கடைசிக் கேள்வி சாவைப் பற்றியது. நம் அம்மாக்களிடம் இந்த எண்ணம் நேராக வருவதில்லை. "எனக்கப்புறம் இவனை யார் பார்ப்பா, போனா ரெண்டு பேரும் சேர்ந்தே போயிடணும்" என்று வரும். பாசத்தில் வரும் பேச்சு போலத் தோன்றுவதால் கேட்பவர்களும் கடந்துபோய்விடுகிறார்கள். அப்படிக் கடந்துபோகக் கூடாது. இந்த எண்ணம் வந்தால் அன்றைக்கே கணவரிடமோ அக்கா தங்கையிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள், 14416க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் நாடு முழுவதும் தொடங்கிய டெலிமானஸ் சேவை அது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. உடனடி ஆபத்து என்றால் காத்திருக்காமல் பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

மாத்திரை என்றதும் வரும் பயம் எனக்குத் தெரியும். "நான் மயங்கித் தூங்கிட்டா ராத்திரி பிள்ளை கதவைத் திறந்துட்டு ஓடிடுவானே" என்று. இதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். எல்லா மனச்சோர்வு மருந்தும் தூங்கவைப்பதில்லை. உங்கள் வீட்டு நிலவரம் தெரிந்தால் அதற்கேற்ற மருந்தையும் நேரத்தையும் அவர் தேர்ந்தெடுப்பார்.

நான் மட்டும்தான் இப்படித் தளர்ந்துபோகிறேனோ என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வளர்ந்த ஆட்டிசப் பிள்ளைகளின் அம்மாக்களிடம் தினசரி விவரங்களைக் கேட்டு 2010இல் வெளியிட்டார்கள். மற்ற அம்மாக்களைவிட நாளுக்கு 2 மணி நேரமாவது கூடுதலாகப் பராமரிப்பில் போகிறது. அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவும், நீண்ட காலம் கடும் அழுத்தத்தில் இருந்தவர்களுக்கு இருப்பது போலத் தாழ்ந்திருந்தது. அதாவது இந்தத் தளர்ச்சி உடம்பிலேயே பதிகிறது. "நீ ரொம்ப சென்சிட்டிவ்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாம் படி: பழியை இறக்கி வையுங்கள்

"கர்ப்பத்துல சரியாச் சாப்பிடல." "போனைக் கொடுத்துக் கெடுத்துட்டா." "வேலைக்குப் போனா இப்படித்தான்." "அவங்க வீட்டு வழியில யாரோ இருந்திருக்காங்க." இதில் ஒன்றையாவது கேட்காத அம்மாவை நான் பார்த்ததில்லை.

இந்தப் பழி நம் ஊர்ச் சொந்தக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் ஆட்டிசத்தை முதன்முதலாக விவரித்து எழுதியபோதே பெற்றோரின் பாசக் குறைவைப் பற்றியும் குறிப்பிட்டார். பிறகு குழந்தைகள் உளவியலில் பெயர் பெற்ற புரூனோ பெட்டல்ஹைம் அதைப் பெரிதாக்கி, அம்மாவின் உறைந்த மனம்தான் காரணம் என்று 1967இல் புத்தகமே போட்டார். ஒரு தலைமுறை அம்மாக்கள் அதைக் கேட்டுக் குமைந்தார்கள். அதற்கு முன்பே, 1964இல், பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் ஆட்டிசம் மூளை வளர்ச்சி சார்ந்தது என்று ஆதாரத்தோடு எழுதிவிட்டார். அவரே ஓர் ஆட்டிசப் பையனின் அப்பா. இன்று மருத்துவ உலகம் அம்மாவின் பாசத்தைக் காரணமாக ஏற்பதில்லை.

ஐந்து நாடுகளில் சுமார் 20 லட்சம் குழந்தைகளின் தரவுகளை வைத்து 2019இல் வந்த ஆய்வு, ஆட்டிசம் வருவதில் சுமார் 80 சதவீதப் பங்கு மரபணுக்களுக்கு என்று கணித்தது. இதைக் கேட்டதும் "அப்போ யார் வீட்டு ரத்தம்?" என்று அடுத்த சண்டை கிளம்பும். நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இதில் சம்பந்தப்படுகின்றன. இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் சிறு சிறு வேறுபாடுகள் சேர்ந்து வருவது உண்டு, பெற்றோர் இருவரிடமும் இல்லாத புது மாற்றம் பிள்ளையிடம் தோன்றுவதும் உண்டு. ஒரு வீட்டைக் காட்டிப் பழி சொல்ல இதில் இடமில்லை. போன், டிவி நேரத்தைக் குறைப்பது பிள்ளையோடு பேச நேரம் தரும், அதற்காகக் குறைக்கலாம். அவற்றால் ஆட்டிசம் வருவதில்லை.

சொந்தங்களிடம் இதைச் சொல்வதற்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். அவரவர் வீட்டாரிடம் அவரவர் பேச வேண்டும். மாமியாரிடம் மருமகள் விளக்கினால் வாக்குவாதம் ஆகும். மகன் சொன்னால் அது செய்தி. "அம்மா, டாக்டர்கிட்ட நானே கேட்டேன். பிறக்கும்போதே வர்றது. இனிமே அவளை எதுவும் சொல்லாதீங்க." இந்த மூன்று வாக்கியத்தை ஒரு கணவர் ஒருமுறை சொல்லிவிட்டால் மனைவிக்குப் பெரிய பாரம் இறங்கும். அவர் சொல்லத் தயங்கினால், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மாமியாரையும் கூட்டிப் போங்கள். வெள்ளைக் கோட்டு சொன்னால் பல வீடுகளில் பேச்சு அடங்குகிறது.

மூன்றாம் படி: துக்கம் இருவருக்கும் ஒரே நேரத்தில் வராது

சைமன் ஒல்ஷான்ஸ்கி என்ற அமெரிக்கர், குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோரோடு வேலை செய்தவர். அவர்களின் துக்கம் ஒரு நாளில் முடிந்துபோவதில்லை, வாழ்நாள் முழுக்க விட்டுவிட்டு வருகிறது, அது இயல்பானது என்று 1962இல் எழுதினார். பக்கத்து வீட்டுக் குழந்தை எல்கேஜி போகும் நாள், தங்கை பையன் சைக்கிள் ஓட்டும் நாள், ஊர்த் திருவிழா, மொட்டையடித்துக் காதுகுத்தும் விசேஷம் என்று அது திரும்பத் திரும்ப வரும். "இன்னுமா நீ ஏத்துக்கல?" என்று கேட்பவர்களுக்கு இது தெரியாது. ஏற்றுக்கொண்ட அம்மாவுக்கும் அழுகை வரும்.

கணவன் மனைவிக்குள் சிக்கல் வருவது வேகத்தில். டாக்டர் சொன்ன அன்றே அம்மா அழுது, இணையத்தில் தேடி, மூன்று சென்டர்களை விசாரித்துவிடுவாள். அப்பா "லேட்டாப் பேசுவான், நானும் லேட்டாத்தான் பேசினேன்" என்பதிலேயே நிற்பார். அவளுக்கு அது பொறுப்பில்லாத்தனமாகத் தெரியும், அவருக்கு அவள் பதறுவதாகத் தெரியும். பல அப்பாக்கள் அந்த நாட்களில் ஓவர்டைமில் போய் விழுவார்கள். பிள்ளைக்குச் சம்பாதிக்கிறேன் என்று சொல்வதில் உண்மையும் இருக்கும், வீட்டைப் பார்க்க முடியாத வலியும் இருக்கும். அவரை விவாதித்து ஒப்புக்கொள்ள வைக்கப் பார்க்காதீர்கள். "பேர் என்னவா இருந்தாலும் இருக்கட்டும், பேச்சுக்குத் தெரபி ஆரம்பிச்சிடலாம்" என்று வேலையில் மட்டும் சம்மதம் வாங்குங்கள். தெரபியில் பிள்ளையை நேரில் பார்த்த பிறகு அவர் மெதுவாக வந்து சேர்வார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மரபணு சார்ந்தது என்பதால் அப்பாவிடமோ அம்மாவிடமோ அதே சாயல் கொஞ்சம் இருப்பதுண்டு. குறிப்பால் சொன்னால் புரியாத கணவர், சத்தம் தாங்காத கணவர், ஒரே விஷயத்தில் மூழ்கிவிடும் கணவர். அப்படிப்பட்டவரிடம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் அவருக்கு எட்டாது. "புதன்கிழமை 5 மணிக்கு நீங்க தெரபி கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போகணும்" என்று நேராகச் சொன்னால் செய்துவிடுவார்.

நான்காம் படி: பிள்ளையைப் பற்றித் தெரிந்ததைக் கையளியுங்கள்

வேலையைப் பங்கிட்டால் போதும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். இந்த வீடுகளில் அது போதாது. "கொஞ்ச நேரம் பார்த்துக்கோங்க" என்று அப்பாவிடம் விட்டுவிட்டுக் குளிக்கப் போவீர்கள். ஐந்தாவது நிமிடம் பிள்ளை அலறுவான், நனைந்த தலையோடு ஓடி வருவீர்கள். "உனக்குத்தான் அவனைத் தெரியும்" என்று அவர் கைவிரிப்பார். அவர் சொல்வது உண்மைதான், அவருக்குத் தெரியாது. ஏனென்றால் அந்த அறிவு முழுக்க உங்கள் தலைக்குள் இருக்கிறது.

அதை ஒரு தாளில் எழுதுங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் அளவு போதும். ஒரு வீட்டுத் தாள் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

மிக்ஸி போடும் முன் "மிக்ஸி" என்று சொல்லிவிட்டு மூன்று எண்ண வேண்டும். மோட்டார் போடும்போதும் அப்படியே. தயிர் சாதம் நீலக் கிண்ணத்தில்தான், கறிவேப்பிலை இருக்கக் கூடாது. காதைப் பொத்தினால் அறையை விட்டுக் கூட்டிப் போய்விட வேண்டும், பேச்சுக் கொடுக்கக் கூடாது. கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தால் பாத்ரூம் போகணும் என்று அர்த்தமில்லை, பைக் வேண்டும் என்று அர்த்தம். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் முன் ஐந்து நிமிடம், இரண்டு நிமிடம் என்று இரண்டு முறை சொல்ல வேண்டும். மெல்ட்டவுன் (தாங்க முடியாமல் கட்டுப்பாடிழந்து அலறுவது) வந்தால் சுற்றியிருக்கும் பொருளை விலக்கி, விளக்கைக் குறைத்து, பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அதட்டினால் அரை மணி நேரம் கூடும்.

எழுதும்போதே உங்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று கண்ணில் படும். படித்த அப்பாவுக்கும் அப்போதுதான் உறைக்கும்.

அடுத்தது, ஒரு தெரபியை முழுக்க அவரிடம் விடுங்கள். அழைத்துப் போவது மட்டுமல்ல, தெரபிஸ்டிடம் கேட்டு வருவது, வீட்டுப் பயிற்சி, ஃபீஸ், லீவு சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. ஓடி எனப்படும் ஆக்குபேஷனல் தெரபி பல அப்பாக்களுக்கு ஒத்துப்போகிறது. ஊஞ்சல், தூக்கிப் போட்டுப் பிடிப்பது, படிக்கட்டு ஏறுவது என்று உடம்பு வேலையாக இருக்கும். அவர் ஒருநாள் பயிற்சியைத் தவறவிட்டால் எடுத்துச் செய்துவிடாதீர்கள். செய்தால் அது மீண்டும் உங்கள் வேலையாகிவிடும்.

பிறகு வாரத்தில் ஒரு பொழுது, ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்வோம், அவரும் பிள்ளையும் மட்டும். நீங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. இருந்தால் பிள்ளை உங்களிடம்தான் வருவான், அவரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். கோயிலோ, தோழி வீடோ, பேருந்து நிலையத்து டீக்கடையோ, எங்காவது போங்கள். அவர் நீலக் கிண்ணத்துக்குப் பதில் தட்டில் போடலாம். சட்டையை மாற்றாமலே வெளியே கூட்டிப் போயிருக்கலாம். திரும்பி வந்ததும் திருத்தாதீர்கள். பிள்ளைக்கு ஆபத்தில்லாத எதையும் திருத்த வேண்டாம். அப்பா வேறு மாதிரி செய்வதைத் தாங்கிக்கொள்ள ஆட்டிசப் பிள்ளை பழகுவதும் ஒரு பயிற்சிதான்.

கூட்டுக் குடும்பம் என்றால் அத்தை, மாமா, நாத்தனார் என்று யாராவது ஒருவருக்கும் அந்தத் தாளைப் படித்துக் காட்டி, சின்ன வேலை ஒன்றை நிரந்தரமாக ஒப்படையுங்கள். சாயங்காலம் மாடியில் அரை மணி நேரம் நடக்கவைப்பது தாத்தாவின் வேலை என்றால் அது தாத்தாவின் வேலையாகவே இருக்கட்டும்.

ஐந்தாம் படி: தூக்கத்தைப் பங்கிடுங்கள்

ஆட்டிசப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தூக்கச் சிக்கல் உண்டு. பிள்ளை தூங்காவிட்டால் அம்மாவும் தூங்க மாட்டாள். காலையில் இருவருக்குள் வரும் சண்டையில் பாதி, தூக்கம் கெட்டதால் வருவது. இரவை இரண்டாகப் பிரியுங்கள். இரவு 2 மணி வரை பிள்ளை எழுந்தால் ஒருவர், அதற்குப் பிறகு மற்றவர். காவல் இல்லாத நேரத்தில் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். ஒரே அறைதான் இருக்கிறது என்றால் வாரத்தில் இரண்டு இரவாவது முழுக்க அவர் பொறுப்பு என்று வையுங்கள். வாசல் கதவுக்குப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டால் பயம் குறையும். பிள்ளையின் தூக்கத்துக்கு மெலடோனின் தரலாமா என்பதைக் குழந்தை மருத்துவரோ மனநல மருத்துவரோதான் முடிவு செய்ய வேண்டும்.

ஆறாம் படி: கணவன் மனைவியாகப் பேசுங்கள்

ஏற்பாட்டுப் பேச்சு ஒன்று, மனப் பேச்சு ஒன்று. இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும். ஃபீஸ், அப்பாயின்ட்மென்ட், ஸ்கூல் மீட்டிங் எல்லாவற்றையும் வாரத்தில் ஒருநாள் அரை மணி நேரம் காலண்டரை வைத்துப் பேசி முடித்துவிடுங்கள். இன்னொரு நாள் 20 நிமிடம், பிள்ளையின் பெயரை எடுக்காமல் பேச வேண்டும். முதலில் பேச்சே வராது. ஆபீஸில் யார் மாறிப் போனார், ஊரில் மழை பெய்ததா என்று ஆரம்பித்தாலும் போதும்.

குறை சொல்லும்போது "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்கினால் அங்கேயே முடிந்தது. நேற்று நடந்த ஒன்றைச் சொல்லுங்கள், உங்களுக்கு என்ன ஆனது என்று சொல்லுங்கள், என்ன வேண்டும் என்று கேளுங்கள். "நேத்து கல்யாண மண்டபத்துல அவன் கத்தினப்போ நீங்க எழுந்து வெளிய போயிட்டீங்க. எல்லாரும் என்னையே பார்த்தாங்க. அடுத்த தடவை என்கூட நில்லுங்க, அது போதும்." பல கணவர்கள் இதற்கு "எனக்கு அவமானமா இருந்துச்சு" என்று மெதுவாகச் சொல்வார்கள். சொல்லட்டும். அதைக் கேட்டுக் கோபப்படாமல் இருப்பது கஷ்டம், ஆனால் அவர் உண்மையாகப் பேசிய முதல் வாக்கியம் அதுவாக இருக்கலாம்.

படுக்கையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பிள்ளை நடுவில் படுத்துப் படுத்து, கணவன் மனைவி வருடக்கணக்கில் தொட்டுக்கொள்ளாத வீடுகள் நிறைய இருக்கின்றன. அம்மாவை நாள் முழுக்கப் பிள்ளை பிடித்து இழுத்துக்கொண்டே இருந்திருப்பான், இரவில் வேறு யாரும் தொட வேண்டாம் என்று அவள் உடம்பு சொல்லும். அதைக் கணவர் நிராகரிப்பாக எடுத்துக்கொள்வார். இதைச் சொல்லிப் புரியவையுங்கள். பிள்ளை தெரபிக்கோ பள்ளிக்கோ போயிருக்கும் பகல் நேரம் பல தம்பதிகளுக்குக் கைகொடுக்கிறது. மொட்டை மாடியில் பத்து நிமிடம் கையைப் பிடித்து உட்கார்ந்தாலும் அது தொடக்கம்தான்.

இரண்டாவது குழந்தை வேண்டுமா என்ற கேள்வி பல வீடுகளில் பெரிய பிளவாகிறது. "இவனைப் பார்த்துக்க ஒரு தம்பி தங்கச்சி வேணும்" என்று பெரியவர்கள் வற்புறுத்துவார்கள். மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்த பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. 2011இல் வந்த பெரிய ஆய்வு 18.7 சதவீதம் என்று சொன்னது. முடிந்தால் மரபியல் ஆலோசகரைப் பாருங்கள், பிறகு இருவரும் மட்டும் முடிவெடுங்கள். அண்ணனைக் கவனிக்கவென்றே ஒரு பிள்ளையைப் பெறுவது அந்தப் பிள்ளைக்கு நியாயமில்லை என்பது என் எண்ணம்.

ஏழாம் படி: பணமும் தெரபியும்

மாதாமாதம் தெரபிக்குப் போகும் பணம் வீட்டு வாடகையைத் தாண்டிவிடும்போது சண்டை வராமல் இருக்காது. எத்தனை மணி நேரம் என்பதைவிட, சொல்லிக்கொடுத்ததை வீட்டில் அன்றாட வேலையோடு சேர்த்துச் செய்வது முக்கியம். உலக சுகாதார நிறுவனம் பெற்றோருக்கென்றே ஒரு பயிற்சித் திட்டம் உருவாக்கியிருக்கிறது. குளிப்பாட்டும்போதும் சாப்பாடு ஊட்டும்போதும் எப்படிப் பேச்சைக் கொண்டுவருவது என்பதைச் சொல்லித்தரும் அந்தத் திட்டத்தில் 9 குழு அமர்வுகளும் 3 வீட்டு வருகைகளும் உண்டு. பராமரிப்பவரின் மனநலத்துக்கும் அதில் இடம் இருக்கிறது. இப்படிப் பெற்றோருக்குச் சொல்லித்தரும் சென்டரைத் தேர்ந்தெடுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டாத சென்டர் வேண்டாம்.

நகையை விற்று ஸ்டெம்செல் (குருத்தணு) சிகிச்சைக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது நெஞ்சு அடைக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் ரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர வேறெதற்கும் ஸ்டெம்செல்லைச் சிகிச்சையாக ஏற்கவில்லை. ஆட்டிசம் அந்தப் பட்டியலில் இல்லை. ஈயம், பாதரசத்தை எடுக்கிறோம் என்று தரும் கீலேஷன் மருந்துகள் உயிருக்கே ஆபத்து. ஒரு பெரிய தொகையைச் செலவிடும் முன் இருவரும் சம்மதிக்க வேண்டும், ஒரு அரசு மருத்துவரிடம் கேட்டிருக்க வேண்டும் என்று வீட்டுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டால் பணமும் மிஞ்சும், "நீதானே கூட்டிட்டுப் போன" என்ற பேச்சும் வராது.

எட்டாம் படி: உரிமையாகக் கிடைப்பதை வாங்குங்கள்

பேப்பர் வேலையை அப்பாவிடம் விடுவது நல்லது. பிள்ளையோடு உட்காரப் பொறுமையில்லாதவரும் இதை நன்றாகச் செய்வார்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு எல்லாம் அதில் உண்டு. ஏடிஹெச்டி தனியாக இல்லை. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டை, மாதாந்திர உதவித்தொகை பற்றிக் கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தருவதும் உண்டு. சிறு குழந்தைகளுக்கு மாவட்டத்தில், குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டு சிகிச்சை தரும் டிஇஐசி என்ற மையம் இருக்கிறது. சென்னை முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆய்க்குடி அமர் சேவா சங்கம்.

1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவுக்கும் ஒரு பகுதி தரும். பழைய முறையில் வருமான வரி கட்டுபவர், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80டிடி பிரிவு எனப்பட்ட கழிவில் 75,000 ரூபாய், கடுமையான குறைபாடு என்றால் 1,25,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். மத்திய அரசுப் பணியில் உள்ள அம்மாவுக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு மொத்தம் 730 நாட்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்றால் வயது வரம்பு இல்லை. இமாச்சலப் பிரதேசக் கல்லூரி உதவிப் பேராசிரியை ஒருவர் தன் மகனுக்காகத் தொடுத்த வழக்கில், பெண்கள் வேலையில் இருப்பது வெறும் சலுகை அல்ல, அரசியல் சட்டம் தரும் உரிமை, இந்த விடுப்பு அதற்குத் துணை நிற்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் சொல்லியிருக்கிறது. வேலையை விட்டுவிடும் முன் இதையெல்லாம் பாருங்கள். வேலை போனால் வருமானம் மட்டுமல்ல, பிள்ளையைத் தவிர்த்து உங்களுக்கென்று இருந்த ஒரு உலகமும் போகும்.

ஒன்பதாம் படி: ஒத்துவராதபோது

ஆட்டிசப் பிள்ளை இருந்தால் 80 சதவீதம் பேர் விவாகரத்து செய்கிறார்கள் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. அது பொய். அமெரிக்காவில் 2010இல் வந்த ஓர் ஆய்வில், ஆட்டிசப் பிள்ளைகளின் பெற்றோரில் 23.5 சதவீதம் பேர் பிரிந்திருந்தார்கள், மற்ற பெற்றோரில் 13.8 சதவீதம். அதிகம்தான், ஆனால் நான்கில் மூன்று பங்குத் தம்பதிகள் சேர்ந்தே இருந்தார்கள். 2012இல் வந்த பெரிய கணக்கெடுப்பு ஆய்வில் வித்தியாசமே தெரியவில்லை: 64, 65 சதவீதம் என்று இரு தரப்புப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் திருமண பந்தத்தில் உள்ள தாய் தந்தையோடுதான் இருந்தார்கள். நம் ஊரில் நான் அதிகம் பார்ப்பது விவாகரத்தை அல்ல, ஒரே கூரைக்குள் பேச்சற்றுப் போவதை. அதற்கு மேலே சொன்ன படிகளும் ஒரு நல்ல குடும்ப ஆலோசகரும் உதவுவார்கள். கணவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போங்கள்.

அடி உதை வேறு விஷயம். "பிள்ளை இப்படி இருக்கறதால அவருக்கு டென்ஷன்" என்று அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். உங்களை அடித்தாலும் பிள்ளையை அடித்தாலும் பெண்கள் உதவி எண்ணான 181க்கு அழைக்கலாம். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் பாதுகாப்பு ஆணையையும் தருகிறது. பிரிந்துபோன கணவர் பிள்ளைக்கு ஜீவனாம்சம் தர வேண்டும். தன்னைத்தானே பராமரிக்க முடியாத பிள்ளை என்றால் 18 வயதுக்குப் பிறகும் அந்தக் கடமை உண்டு. தனியாக வளர்க்கும் அம்மாக்கள் அந்தக் குறிப்புத் தாளைத் தங்கைக்கோ, தோழிக்கோ, பள்ளி ஆயாவுக்கோ எழுதுங்கள். இரண்டாவது ஆள் யாராக இருந்தாலும் சரி, ஒருவர் வேண்டும்.

பத்தாம் படி: அம்மாக்களைச் சேருங்கள்

சென்னையில் சிறப்புக் குழந்தைகளுக்கான வித்யாசாகர் அமைப்பு 1985இல் பூனம் நடராஜன் தொடங்கியது. டெல்லியில் ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் 1991இல் மெரி பருவா தொடங்கியது. இருவருமே சிறப்புக் குழந்தைகளின் அம்மாக்கள். நிறுவனமெல்லாம் தொடங்க வேண்டாம், உங்கள் பெஞ்சில் காத்திருக்கும் நாலைந்து பேர் போதும். பிள்ளைகள் உள்ளே இருக்கும் 45 நிமிடம்தான் கூட்டம். ஒவ்வொருவரும் தன்னைப் பற்றிப் பேச வேண்டும். பிள்ளை எத்தனை வார்த்தை பேசினான் என்று ஒப்பிடத் தொடங்கினால் யாராவது பேச்சை மாற்ற வேண்டும். அங்கே கேட்டது வெளியே போகக் கூடாது. வாட்ஸ்அப் குரூப் வைத்தால் அதிசய மருந்து ஃபார்வர்டுகளுக்கு இடமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒருத்தி இரண்டு வாரம் வராவிட்டால் போன் செய்யும் பொறுப்பை இன்னொருத்தி எடுத்துக்கொள்ளட்டும்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை அப்பாக்களையும் வரச் சொல்லுங்கள். அவர்கள் வந்து மனதைத் திறந்து பேச மாட்டார்கள். அடையாள அட்டைக்கு எங்கே போவது, நிராமயாவுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று ஒரு அப்பா இன்னொருவருக்குச் சொல்லித்தர வைத்தால் வருவார்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம், பைக்கை எடுக்கும் இடத்தில் அவர்களே பேசிக்கொள்வார்கள்.